பியூசிங்கன்: சுவிட்சர்லாந்துக்குள் இருக்கும் ஜெர்மன் ஊர்

வியாழன், சிங்கன்

நாளை காலை பியூசிங்கன் போகிறேன். ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கான்ஸ்டன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,500 பேர். ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் சுவிட்சர்லாந்து. ஜெர்மனியின் மற்ற நிலத்தோடு அது எங்கேயும் ஒட்டவில்லை. மிக நெருங்கி வரும் இடத்திலும் நடுவே சுமார் 700 மீட்டர் அகலத்துக்குச் சுவிஸ் மண் கிடக்கிறது. வரைபடத்தில் அந்தச் சின்னத் துண்டை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். யார் வெட்டியது, ஏன் யாரும் திரும்ப ஒட்டவில்லை என்பதை நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஷ்டுட்கார்ட்டிலிருந்து வரும் ரயில் சிங்கனை நெருங்கும்போது நிலம் சட்டென்று மாறியது. ஹேகாவ் என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தில் தட்டையான வயல்வெளிக்கு நடுவே கூம்பு கூம்பாகக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. எல்லாம் பழைய எரிமலைகளின் உள்ளே இறுகிப்போன பாறைகள். மேலே போர்த்தியிருந்த மென்மையான படிவங்களைப் பனியுகத்தின் பனியாறுகள் அரித்துக்கொண்டு போய்விட, கெட்டியான உட்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவற்றில் பேர்பெற்றது ஹோஹென்ட்வீல். உயரம் 686 மீட்டர். உச்சியில் பிரமாண்டமான கோட்டை இடிபாடு. மாலை வெயில் இருக்கும்போதே ஏறிவிட்டேன். முப்பதாண்டுப் போரில் பலமுறை முற்றுகையிட்டும் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை, 1800இல் போரிடாமலே நெப்போலியனின் படையிடம் ஒப்படைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

கோட்டையைவிட அதன் நிலவுரிமைதான் என்னை அதிகம் ஈர்த்தது. 16ஆம் நூற்றாண்டில் வூர்ட்டம்பெர்க் கோமகன் உல்ரிஷ் இந்தக் குன்றை வாங்கினார். கீழே உள்ள சிங்கன் நகரம் பிற்காலத்தில், அன்று தனி அரசாக இருந்த பாடனுக்குப் போனது. குன்று மட்டும் வூர்ட்டம்பெர்க்கின் தீவாகவே நின்றது. அரசர்கள் போய், பேரரசு போய், இரண்டு உலகப்போர்களும் முடிந்த பிறகுதான், 1969இல், ஹோஹென்ட்வீல் சிங்கன் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. ஊர்க்காரர்கள் நிமிர்ந்தால் தெரியும் மலை, நிர்வாகத்தில் டுட்லிங்கன் நகரத்துக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது! இந்த மண்ணில் எல்லைக்கோடுகள் நிலத்தின் அமைப்பைப் பார்த்து வரையப்பட்டவை அல்ல. எந்தப் பிரபு எதை எப்போது விற்றான், எதை விற்க மறுத்தான் என்பதைப் பொறுத்தவை. பியூசிங்கனுக்குப் போகுமுன் இதை மனத்தில் வாங்கிக்கொண்டது நல்லதாயிற்று.

வெள்ளி, பியூசிங்கன்

சிங்கனிலிருந்து ரயிலில் ஏறினால் சுவிஸ் நகரமான ஷாஃப்ஹௌசன் கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து பஸ். ரைன் ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே போகிறது சாலை. சில நிமிடங்களில் ஜெர்மனிக்குள் வந்துவிட்டோம் என்று ஒரு மஞ்சள் பலகை சொன்னது. ஜெர்மன் ஊர்களின் நுழைவில் நிற்குமே, அதே கறுப்பெழுத்து மஞ்சள் பலகை. சுங்கச்சாவடி இல்லை. தடுப்புக் கம்பி இல்லை. ஓட்டுநர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

ஊர் ஆற்றோரமாகக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. பின்னால் மெல்ல ஏறும் வயல்கள், அதற்கு மேல் காடு. முன்னால் ரைன், அகலமாக, பச்சையாக, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வண்டலோடு இறங்கும் ரைன், கான்ஸ்டன்ஸ் ஏரியில் நுழைந்ததும் வண்டலையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. ஏரியின் மேற்கு முனையில், ஷ்டைன் அம் ரைன் என்ற பழைய ஊருக்கருகே மறுபடி ஆறாக வெளியேறும்போது அது வடிகட்டிய நீர். அங்கிருந்து பாசல் வரை உள்ள பகுதிக்கு ஹோக்ரைன் என்று பெயர். பியூசிங்கன் அம் ஹோக்ரைன் என்பதே இவ்வூரின் முழுப்பெயர். ஆற்றின் நடுவே எல்லை ஓடுகிறது. எதிர்க்கரை சுவிட்சர்லாந்து.

இந்தத் தெளிந்த நீரில் கிரேலிங் என்ற குளிர்நீர் மீன் பேர்பெற்றது. 2003 கோடையில் ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலையில் ஆற்றுநீர் சூடேறி இந்த மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர், அந்தக் கோடையைப் பற்றிக் கேட்டதும் தூண்டிலை மடியில் வைத்துவிட்டுத்தான் பேசினார். பழைய எண்ணிக்கைக்கு மீன்கள் திரும்பவில்லை என்றார்.

இனி வரலாறு. இதைச் சொல்ல ஷாஃப்ஹௌசனிலிருந்து தொடங்க வேண்டும். அந்நகரம் பிறந்ததே அருவியால். நகருக்குச் சற்றுக் கீழே ரைன் அருவி, 150 மீட்டர் அகலத்தில் 23 மீட்டர் இறங்குகிறது. எந்தப் படகும் அதைத் தாண்ட முடியாது. கிழக்கிலிருந்து உப்பும் தானியமும் ஏற்றிவந்த படகுகள் ஷாஃப்ஹௌசனில் கரை ஒதுங்கி, சரக்கை வண்டியில் ஏற்றி, அருவியைச் சுற்றிக் கொண்டுபோய், கீழே வேறு படகில் ஏற்ற வேண்டும். இறக்கும் கூலி, ஏற்றும் கூலி, சுங்கம், கிடங்கு வாடகை என்று நகரம் செழித்தது. அந்தப் படகுத்துறைக்கு ஒரு மணி நேர நடையில், ஆறு வரும் திசையில் உட்கார்ந்திருக்கிறது பியூசிங்கன். நகரம் அதன்மேல் கண் வைத்ததில் வியப்பில்லை.

மேலாட்சி உரிமை ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசிடம் இருந்தது. அன்றாட அதிகாரம் இம் டுர்ன் என்ற ஷாஃப்ஹௌசன் பிரபுக் குடும்பத்திடம். 1690களில் ஊருக்குத் தலைவராக இருந்தவர் எபர்ஹார்ட் இம் டுர்ன். ஷாஃப்ஹௌசன் புராட்டஸ்டன்ட் பிரிவான சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த நகரம். ஆஸ்திரியா கத்தோலிக்க அரசு. எபர்ஹார்ட் கத்தோலிக்கர் பக்கம் சாய்கிறார் என்ற பேச்சு எழுந்தது. அவருக்கும் சொந்தக்காரர்களுக்கும் பகை முற்றியது. 1693 ஏப்ரல் 10 அன்று அவருடைய உறவினர்களே அவரைப் பியூசிங்கனிலிருந்து கடத்திக்கொண்டு ஷாஃப்ஹௌசன் போய்விட்டார்கள். நகரம் அவருக்கு ஆயுள் சிறை விதித்தது.

ஆஸ்திரியாவின் மண்ணில் ஆஸ்திரியாவின் ஆளைப் பிடித்துக்கொண்டு போவதா என்று வியன்னா கொதித்தது. விடச் சொன்னது, நகரம் விடவில்லை. ஆண்டுகள் ஓடின. சுற்றியுள்ள ரையட் பகுதிக் கிராமங்களில் ஷாஃப்ஹௌசன் அனுபவித்துவந்த உரிமைகளை ஆஸ்திரியா பறித்துக்கொண்டு, படைபலத்தையும் காட்டிய பிறகு, 1699இல்தான் எபர்ஹார்ட் வெளியே வந்தார். அதோடு கதை முடியவில்லை. 1723இல் ஷாஃப்ஹௌசன் பெரும் பணம் கொடுத்து ரையட் கிராமங்களின் உரிமையை மீட்டபோது, பியூசிங்கனை மட்டும் ஆஸ்திரியா கொடுக்கவில்லை. ஷாஃப்ஹௌசனுக்கு என்றென்றும் எரிச்சலாக இருக்கட்டும் என்றே வைத்துக்கொண்டதாக இங்கே சொல்கிறார்கள். 1770இல் அருகிலுள்ள ராம்சன், டோர்ஃப்லிங்கன் இரண்டையும் ஆஸ்திரியா சூரிச்சுக்கு விற்றது. அன்றிலிருந்து பியூசிங்கனைச் சுற்றி வளையம் மூடிக்கொண்டது. 1805இல், நெப்போலியனிடம் தோற்ற ஆஸ்திரியா செய்துகொண்ட பிரெஸ்பர்க் உடன்படிக்கையில் ஊர் வூர்ட்டம்பெர்க்குக்குப் போய், 1810இல் பாடன் கைக்கு வந்தது. பாடன் வழியாக ஜெர்மனியானது.

ஒரு குடும்பச் சண்டை, ஒரு கடத்தல், ஒரு பேரரசின் வஞ்சம். இதில் ஊர்மக்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. எந்தக் கட்டத்திலும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

மாலையில் மலைக்கோயிலுக்குப் போனேன். பெர்க்கிர்ஷே என்று சொல்கிறார்கள். தூய மிக்கேல் தேவாலயம். ஊரை விட்டுத் தள்ளி, மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தோடு தனி மேட்டில் நிற்கிறது. ஷாஃப்ஹௌசன் நகரமாவதற்கு முன் அந்த வட்டாரத்துக்கே இதுதான் தாய்க்கோயில். இன்றைய பெரிய நகரத்தார் ஒருகாலத்தில் திருமுழுக்குக்கும் அடக்கத்துக்கும் இந்தச் சிற்றூர் மேட்டைத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். தடித்த சுவர், சிறிய சன்னல், அதிகம் அலங்கரிக்காத முகப்பு. மதில் ஓரம் நின்றால் ஆறு வளைந்து போவது முழுதாகத் தெரிகிறது. வந்தவர்களில் இங்கே அவசரப்பட்டுத் திரும்பியவர் யாரையும் காணவில்லை.

சனி, பியூசிங்கன்

இன்று எல்லைக் கற்களைத் தேடி நடந்தேன். ஊரின் எல்லை 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதைக் குறிக்க 123 கற்கள். வயல் வரப்பிலும் காட்டு விளிம்பிலும் தோட்ட வேலியோரமும் நிற்கின்றன. வடக்குப் பக்கக் காட்டில் ஒரு கல்லின் முன் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் உயரம். தலை மழுங்கிய சாம்பல் நிறக் கல். வட பக்கம் பாசி திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் ஒரு முகத்தில் பாடன் பெருங்கோமகநாட்டைக் குறிக்கும் ‘ஜி.பி.’, எதிர் முகத்தில் ஷாஃப்ஹௌசன் மாநிலத்தைக் குறிக்கும் ‘சி.எஸ்.’. உச்சியில் கோடு செதுக்கி, எல்லை எந்தத் திசையில் திரும்புகிறது என்று காட்டியிருக்கிறார்கள். பெருங்கோமகநாடு 1918இலேயே மறைந்துவிட்டது. கல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அடுத்த கல்லுக்கு இடையில் ஒரு மான் எல்லையைக் கடந்து உழவு நிலத்துக்குள் இறங்கியது.

1918ஐச் சொன்னதும் ஊர்மக்கள் ஒருமுறையாவது வாய் திறந்ததைச் சொல்ல வேண்டும். முதல் உலகப்போர் முடிந்த கையோடு இங்கே வாக்கெடுப்பு நடந்தது. 96 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தோடு சேர விரும்பினார்கள். ஆனால் ஜெர்மனி ஒரு நிலத்தைக் கொடுத்தால் ஈடாக இன்னொரு நிலம் வேண்டும். சுவிட்சர்லாந்தால் ஏற்ற நிலம் எதையும் கொடுக்க இயலவில்லை. தீர்ப்பு காகிதத்தில் நின்றது. கிட்டத்தட்ட ஊரே ஒரே குரலில் கேட்டும் கிடைக்காமல் போனது, எனக்கு எபர்ஹார்ட் கதையைவிட வேதனையாக இருக்கிறது.

பின்னர் இரு நாடுகளும் செய்ததை மனமாரப் பாராட்டுகிறேன். எல்லையை நகர்த்த முடியாவிட்டால், எல்லையால் வரும் தொல்லையையாவது எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து பேசினார்கள். 1964 நவம்பர் 23இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1967 அக்டோபர் 4இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பியூசிங்கன் சுவிட்சர்லாந்தின் சுங்கப் பகுதிக்குள் சேர்ந்தது. நாடு ஜெர்மனி, சந்தை சுவிட்சர்லாந்து. இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஜெர்மன் ஊர் இது. மறைமுக வரிகள் சுவிஸ் வரிகள். வயல் வேலையும் சுவிஸ் வேளாண் விதிகளின்படி. சுற்றுப்புறத்தோடு எல்லைச் சோதனை அப்போதே போய்விட்டது. எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சுவிட்சர்லாந்து சேர்ந்தது 2008இல்தான் என்பதை நினைத்துப்பார்த்தால் இது எவ்வளவு முந்திய ஏற்பாடு என்பது புரியும்.

அந்த ஒப்பந்தத்தின் நுணுக்கத்தைக் கவனியுங்கள். இங்கே இருக்கக்கூடிய ஜெர்மன் காவலர்களின் எண்ணிக்கை நூறு குடிகளுக்கு மூன்று பேரைத் தாண்டக்கூடாது. சுவிஸ் காவலர்களும் வரலாம். ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. ஜெர்மன் காவலர்கள் ஊருக்கு வரும்போது குறித்த வழியாகவே சுவிஸ் மண்ணைக் கடக்க வேண்டும். நடுவே எந்த அலுவல் பணியும் செய்யக்கூடாது. சண்டை வரக்கூடிய ஒவ்வொரு மூலையையும் முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறார்கள். பெரிய தலைவர்களின் பேச்சைவிட இப்படி மெனக்கெட்டு எழுதிய பெயர் தெரியாத அதிகாரிகளுக்கு நான் கடன்பட்டதாக உணர்கிறேன்.

ஊருக்குள் இரட்டை வாழ்க்கைக்கு அடையாளங்கள் எங்கும் தென்படுகின்றன. அஞ்சல் குறியீடு இரண்டு: ஜெர்மனிக்கு 78266, சுவிட்சர்லாந்துக்கு 8238. தொலைபேசிக்கும் இரண்டு நாடுகளின் எண். பொதுத் தொலைபேசிக் காலத்தில் ஜெர்மன் கூண்டும் சுவிஸ் கூண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவாம். வண்டிகளுக்கு ‘பியூஸ்’ என்று தொடங்கும் தனி எண் பலகை. ஜெர்மனியிலேயே மிக அரிதான பலகைகளில் ஒன்று. சுவிஸ் சுங்க அதிகாரிகள் அந்த வண்டிகளை உள்ளூர் வண்டியாகவே நடத்த வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. கடையில் விலை சுவிஸ் பிராங்கில். யூரோ நீட்டினாலும் வாங்குகிறார்கள். ஆனால் 1980களின் பிற்பகுதி வரை ஜெர்மன் அஞ்சலகத்திலேயே ஜெர்மன் மார்க்கை வாங்க மாட்டார்களாம். மார்க்கில் மதிப்பு அச்சிட்ட தபால்தலையைப் பிராங்க் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

உள்ளூர் கால்பந்துக் கழகம் சுவிஸ் சங்கத்தின் போட்டிகளில் ஆடுகிறது. அப்படி ஆடும் ஜெர்மன் அணி இது ஒன்றே. பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை ஊரில் முடித்துவிட்டு, மேலே ஜெர்மன் பள்ளிக்கும் போகலாம், சுவிஸ் பள்ளிக்கும் போகலாம். வாக்கு மட்டும் பெர்லின் நாடாளுமன்றத்துக்கு.

கடிகாரக் கதையைச் சொல்லாமல் இந்த நாளை முடிக்க முடியாது. மேற்கு ஜெர்மனி 1980 ஏப்ரலில் கோடைக்கால நேரத்தைக் கொண்டுவந்தது. சுவிஸ் மக்களோ 1978இல் பொதுவாக்கெடுப்பில் அதை நிராகரித்திருந்தார்கள். அந்தக் கோடை முழுதும் சுவிட்சர்லாந்து அண்டை நாடுகளுக்கு ஒரு மணி நேரம் பின்னால் நின்றது. பியூசிங்கனும் சுவிட்சர்லாந்தோடு நின்றது. ஜெர்மன் ஊர் ஒன்றில் ஜெர்மன் நேரம் இல்லை! 1981இல் சுவிட்சர்லாந்தும் மாறியதால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரே ஒரு கோடைக்காக, உலகெங்கும் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் இன்றும் ‘ஐரோப்பா/பியூசிங்கன்’ என்று தனிப் பதிவு இருக்கிறது. நம் கைப்பேசிகளுக்குள்ளும் இந்த ஊரின் பெயர் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரவு உணவுக்குப் போன இடத்தில் முற்றத்துக்கு நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. என் மேசையில் வயதான ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கவில்லை. “எங்களுக்கு எல்லை ஒரு தொல்லையே இல்லை. வருமான வரிதான் தொல்லை” என்றார். சம்பளம் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில், வாங்கும் பொருள் சுவிஸ் விலையில், வருமான வரியோ ஜெர்மனிக்கு. அது சுவிஸ் வரியைவிடக் கூடுதல். சலுகை கொஞ்சம் உண்டு, போதவில்லை என்கிறார்கள். “என் பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார். ஓய்வூதியத்துக்கு இங்கே வரி சாதகமாக இருப்பதால் சுவிஸ் முதியவர்கள் இங்கே குடிவருகிறார்கள். இளையவர் போக, முதியவர் வர, ஜெர்மனியிலேயே மூப்பு மிகுந்த ஊர்களில் ஒன்றாகிவிட்டது பியூசிங்கன். வேலி இல்லை என்று மெச்சிக்கொண்டிருந்த எனக்கு, வரிச் சீட்டிலும் ஓர் எல்லை இருக்கிறது என்று அந்த அம்மா காட்டினார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஊரின் ஓரத்தில் சுமார் ஆயிரம் சதுர மீட்டரில் வெயிலைக் குடித்து நீரைச் சூடாக்கும் குழாய்ப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் வெயில், குளிர்காலத்தில் காட்டு மரத் துகள்; இரண்டையும் இணைத்து, நிலத்தடிக் குழாய்களில் வீடுகளுக்கு வெந்நீரும் கதகதப்பும் அனுப்புகிறார்கள். 2013 முதல் நடக்கிறது. ஜெர்மனியில் இவ்வளவு பெரிய அளவில் இரண்டையும் இணைத்த முன்னோடி ஊர்களில் ஒன்று இது.

ஞாயிறு, கைலிங்கன்

காலையில் கிழக்கே நடந்தேன். வயல்வழியாகப் போனால் டோர்ஃப்லிங்கன், சுவிஸ் கிராமம். அதைத் தாண்டினால் கைலிங்கன், மறுபடி ஜெர்மனி. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று ஒரு காலைநேர நடையில் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்த வழிக்கு வேறு பொருள் இருந்தது. விடுப்பில் வீடு திரும்பும் பியூசிங்கன் படைவீரன் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தை மிதித்தே ஊர் போக வேண்டும். கைலிங்கன் பக்கத்து எல்லைச்சாவடியில் துப்பாக்கியை ஒப்படைப்பான். சுவிஸ் சுங்கக்காரர்கள் ஒரு நீண்ட மேலங்கி கொடுப்பார்கள்; ஜெர்மன் சீருடை வெளியே தெரியாமல் அதைப் போர்த்திக்கொண்டு டோர்ஃப்லிங்கனைக் கடந்து வீடு சேர வேண்டும். இரு பக்கமும் அவரைத் தோட்டம் இருந்த அந்தச் சாலையில் நடக்கையில், மேலங்கிக்குள் வியர்த்துக்கொண்டு போன பையன்களை நினைத்துக்கொண்டேன். எத்தனை பேர் அந்த அங்கியை மறுமுறை போர்த்திக்கொள்ளத் திரும்பி வந்தார்களோ.

கைலிங்கனில் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று நினைத்து வந்தவன், பகல் முழுதும் இருந்துவிட்டேன். 17ஆம் நூற்றாண்டிலிருந்து யூதக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி யூதர்கள். 1870இல் லெயோபோல்ட் ஹிர்ஷ் குகன்ஹைம் என்ற யூதர் ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1884 வரை பதவியில் இருந்தார். ஒரு ஜெர்மன் ஊருக்கு யூதர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை என்கிறார்கள். இரு சமயத்தாரும் ஒருவர் பண்டிகையில் மற்றவர் கலந்துகொண்ட ஊர்.

நாஜி ஆட்சியில், 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடம் தகர்க்கப்பட்டது. 1940 அக்டோபர் 22 அன்று, பாடனிலிருந்தும் அண்டைப் பகுதியிலிருந்தும் 6,500க்கும் மேற்பட்ட யூதர்கள் ஒரே நாளில் ரயிலேற்றப்பட்டு, தென் பிரான்சின் குர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கைலிங்கனில் மிஞ்சியிருந்தவர்களும் அவர்களில் அடக்கம். குர்ஸில் குளிரிலும் நோயிலும் பலர் மாண்டார்கள். உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் 1942இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய யூதப் பள்ளிக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. தொழுகைக்கூடம் இருந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் எபிரேய எழுத்துக் கற்கள் வரிசை வரிசையாக, புல் வெட்டப்பட்டு, ஒழுங்காகப் பேணப்படுகின்றன.

அங்கிருந்து இறங்கி டீசன்ஹோஃபன் பாலத்துக்கு வந்தேன். ரைன் மீது கூரை போட்ட மரப் பாலம். இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை சுவிட்சர்லாந்து. உள்ளே நடந்தால் மரச்சட்டங்களின் இடைவெளியில் ஆறு தெரிகிறது. எல்லை என்பதன் இரு முகங்களையும் ஒரே வாரத்தில் பார்க்கிறேன். பியூசிங்கனில் வழக்கறிஞர்கள் மேசையில் உட்கார்ந்து கரைத்த கோடு. இங்கே, எதிர்க்கரை வீட்டுச் சன்னல்கள் எண்ணிவிடக்கூடிய தூரத்தில் இருந்தும், கடக்க முடியாமல் போன கோடு. ஆறு ஒன்று, நாடுகள் அதே இரண்டு, இடையே ஒரு தலைமுறைகூட முழுதாக இல்லை. எதிர்க்கரை தெரிந்தும் போக முடியாதவர்களுக்காக இன்று எனக்கு மனம் ஆறவில்லை. இன்றைக்கு இதற்கு மேல் எழுத வேண்டாம்.

திங்கள், வெரெனாஹோஃப்

ஊர் திரும்புமுன் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தது வெரெனாஹோஃப். ஷாஃப்ஹௌசனுக்கு வடக்கே ரையட் மேட்டுநிலத்தில், பியூட்டன்ஹார்ட் கிராமத்தருகே ஒரு பண்ணை. 1967 வரை இதுவும் பியூசிங்கன் போலவே சுவிஸ் நிலத்துக்குள் அகப்பட்ட ஜெர்மன் துண்டு. மூன்றே வீடுகள். உடன்படிக்கையின் ஒரு பகுதியாக அதைச் சுவிட்சர்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, ஜெர்மனி ஈடாக வேறு நிலம் பெற்றுக்கொண்டது. மாட்டுத் தொழுவம், வைக்கோல் உருளை, பழத்தோட்டம். நாடு மாறியதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

மூன்று வீடுகளுக்கு ஈடாக நிலம் கிடைத்தது. 96 விழுக்காட்டினர் கேட்ட ஊருக்குக் கிடைக்கவில்லை. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவும் வங்கதேசமும் 162 நிலத்துண்டுகளை ஒரேயடியாக மாற்றிக்கொண்டு, அங்கே வாழ்ந்தவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டதை இங்கே நினைத்துக்கொண்டேன். மனமிருந்தால் அவ்வளவு சிக்கலான எல்லையையும் பிரித்துக் கட்டலாம் என்பதற்கு அது சான்று. இன்றைய பியூசிங்கன்காரர்கள் நாடு மாறத் துடிக்கவில்லை. நான் பேசியவர்கள் எல்லோரும் கேட்டது வரியில் நியாயம்தான். அதைக் கொடுப்பதற்கு யாரும் ஓரடி நிலத்தை இழக்க வேண்டியதில்லை. பெர்லின் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஷாஃப்ஹௌசன் ரயில் நிலையத்துக்கு வெளியே பஸ் கிடைக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஷ்டைன் அம் ரைனிலிருந்து படகில் இறங்கி வருவதே சிறந்த வழி. ஆற்றில் நீர் குறைந்தால் படகு ஓடாது என்பதால் முந்தைய நாள் கேட்டுக்கொள்ளுங்கள். கைலிங்கன் அருங்காட்சியகத்தின் திறப்பு நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போங்கள். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.